நாலாவது வரிசையில் காயப்போட்ட துண்டு

நான் தக்காளிப் பண்ணைக்காரரின் மனைவி. வயது நாற்பத்தாறு. பண்ணைச் சாலையில் கடைசி வீடு, கண்ணாடிக் குடிலுக்கு நேர் எதிரே. தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதப் போனார்கள், நான் விடவில்லை. பதினோரு வருடமாகக் காய் பறித்து, தரம் பிரித்து, பெட்டி கட்டுகிறவள் என்று எழுதச் சொன்னேன், எழுதினார்கள். வேலைக்கு வருகிற பெண்கள் முதல் லாரி ஓட்டுநர் வரை எல்லோருக்கும் நான் அண்ணிதான்; என் கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டு ஒட்டிக்கொண்ட பழக்கம். நீங்கள் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்து வைத்திருக்கும் அந்தக் கொழுந்தனைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன். அவனை மீசை முளைக்காத காலத்திலிருந்து பார்க்கிறேன், அதனால் அவன் என்றே சொல்கிறேன். அதை அவர் என்று மாற்றி எழுத வேண்டாம்.

பண்ணையை என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்தி வந்தார்கள். ஒரே கூரையின் கீழ் ஆறாயிரம் செடிகள். மண் கிடையாது, தேங்காய் நார் அடைத்த பைகளில் வேர், செடிக்கு ஒரு சொட்டுக் குழாய், மேலே கம்பியில் கட்டிய கயிற்றில் கொடி. கூரை ஜன்னல்களைத் திறப்பதும் மூடுவதும், குளிர் நேரத்தில் தரையோடு ஓடும் குழாய்களில் வெந்நீர் விடுவதும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஆனால் உள்ளே சூடா குளிரா என்று அதற்குச் சொல்வது நாலாவது வரிசையில் சங்கிலியில் தொங்கும் ஒரே ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குள் ஒரு சின்ன விசிறி எந்நேரமும் காற்றை இழுத்து வெளியே ஊதிக்கொண்டிருக்கும். பெண்கள் அதற்கு ஊதுபெட்டி என்று பேர் வைத்திருந்தார்கள். நனைந்த கைக்குட்டையை அதன் மேல் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று யாரோ கண்டுபிடித்ததிலிருந்து அங்கே ஏதாவது ஒன்று தொங்குவதும், கொழுந்தன் வந்து எடுத்து எறிவதும் வழக்கமாக இருந்தது. அவன் இருந்தவரை எதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தங்கியதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அண்ணன் தம்பிக்குள் பேச்சு முற்றியது. பத்தாவது வரிசையில் இன்னொரு பெட்டி மாட்ட வேண்டும் என்றான் அவன். பதினோரு வருடமாக ஒன்று போதவில்லையா என்றார் இவர். பெட்டியில் ஆரம்பித்த பேச்சு, யார் பெரியவன், யாருக்கு என்ன தெரியும் என்று எங்கெங்கோ போய், கடைசியில் அவன், "நான் இல்லாம ஒரு வாரம் ஓட்டிக் காட்டுங்க பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனான். போய், நகரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். என் கணவர் தம்பி மேல் கொடுத்த புகாரில் மிரட்டல் என்று எழுதியிருப்பது இந்த வார்த்தையைத்தான். நான் பக்கத்தில் இருந்து கேட்டவள். அது மிரட்டல் இல்லை, ரோஷம்.

சென்ற திங்கட்கிழமை காலை நான் நாலாவது வரிசையில் பக்கக் கிளைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். தக்காளிக் கிளையைக் கிள்ளினால் கையெல்லாம் பச்சைக் கறை பிடிக்கும். தலையில் கட்டியிருந்த துண்டிலும் பிடித்துவிட்டது. பத்தேகால் மணி வாக்கில் துண்டைக் குழாயடியில் அலசி, சரியாகப் பிழியாமல், இரண்டாக மடித்து ஊதுபெட்டியின் மேல் போட்டேன். கெட்டித் துண்டு. பெட்டியையே போர்த்தியது போல விழுந்தது. அதன் பிறகு லாரி வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். நான் பெட்டி கட்டுகிற கொட்டகைக்குப் போனேன். மற்றப் பெண்களும் என்னோடு வந்துவிட்டதால் குடிலுக்குள் யாரும் இல்லை.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அடுப்புக்குள் தலையை விட்டது போல அனல் முகத்தில் அடித்தது. வெளியே நல்ல வெயில், கூரை ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன, தரைக் குழாய்களைத் தொட முடியவில்லை. செடிகளின் கொழுந்துகள் வரிசை வரிசையாகத் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. என்னவென்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்த் துண்டை உருவினேன். அந்த அனலிலும் அதன் மடிப்பு சில்லென்று இருந்தது. பெட்டிக்குக் குளிர்ந்திருக்கிறது, அது கம்ப்யூட்டரிடம் குளிர் என்று சொல்லியிருக்கிறது, கம்ப்யூட்டர் ஜன்னலைச் சாத்தி வெந்நீரைத் திறந்துவிட்டிருக்கிறது. செல்போனில் எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டாமா என்று சற்று முன் நீங்கள் கேட்டீர்கள். அந்த மணிக்கும் சேதி சொல்வது அதே பெட்டிதான். துண்டை எடுத்த சற்று நேரத்தில் ஜன்னல்கள் தாமாகவே திறக்க ஆரம்பித்தன. நான் துண்டைச் சுருட்டி, கிள்ளிப்போட்ட கிளைகள் கிடந்த வாளிக்குள் அழுத்தினேன்.

அதன் பிறகுதான் என் கணவர் வந்தார். "யாரு என்னத்தைத் தொட்டது?" என்று கேட்டார். தெரியலையே என்றேன். அவர் கம்ப்யூட்டர் பதிவைப் பார்த்தார். வெயில் கொளுத்துகிற நேரத்தில் பதினைந்து டிகிரி என்று பதிவாகியிருந்தது. உள்ளே யாரும் இல்லை, எனவே வெளியிலிருந்துதான் எண்ணை மாற்றியிருக்க வேண்டும், கடவுச்சொல் தெரிந்தவன் ஒருத்தன்தான் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்வதென்றால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கொழுந்தன் எல்லார் முன்னாலும் என்னைக் கேலி செய்வான்: "அண்ணி கை பட்டா கம்ப்யூட்டருக்கே ஜலதோஷம் பிடிக்கும்." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அது உள்ளே போய்த் தைத்திருந்தது. இதுவும் வெளியே வந்தால் சாகும்வரை இதைச் சொல்லியே சிரிப்பார்களே என்றுதான் முதலில் தோன்றியது. அன்று மாலை உங்கள் ஆட்கள் விசாரிக்க வந்தபோது நாலாவது வரிசைப் பக்கமே யாரும் போகவில்லை என்று சொன்னேன். துண்டு காயப்போட்டதை நான் தெரிந்தே சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவனை அழைத்து வந்தீர்கள். மதியம் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தேன். காவலர் அனுமதித்தார், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினேன். என்னைப் பார்த்ததும் அவன் வீட்டைக் கேட்கவில்லை, வக்கீலைக் கேட்கவில்லை. "செடிக்கு என்ன பண்றீங்க? மொத்தமா தண்ணி விட்டுடாதீங்க அண்ணி. கால் மணிக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமா. மேல கூரைக்கு வெள்ளை அடிச்சு நிழல் குடுங்க" என்றான். சரி என்றேன். அதன் பிறகு பெட்டி என்ன எண் காட்டியது என்று கேட்டான், பதினைந்து என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அன்று காலை நாலாவது வரிசையில் யார் வேலை பார்த்தது என்று கேட்டான். நான்தான் என்றேன். அவன் என் தலையைப் பார்த்தான். நான் எப்போதும் கட்டுகிற துண்டு அன்று தலையில் இல்லை. பிறகு அவன் குரலைத் தாழ்த்தி, "சரி விடுங்க. நீங்க யார்கிட்டயும் எதுவும் பேசிக்கிட்டு இருக்காதீங்க. சாப்பாடு நல்லா இருக்கு" என்றான். சாப்பாட்டு டப்பாவை அவன் இன்னும் திறக்கவே இல்லை.

அவன் உங்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று ஆய்வாளர் சற்று முன் எனக்குத் தெரிவித்தார். சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டான் என்று தெரிந்துதான் அன்று நான் பேசாமல் வீட்டுக்குப் போனேன், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போய் அவன் சொன்னபடியே செய்தேன். பெண்களை வைத்துக் கூரைக்கு வெள்ளை அடித்தேன், கால் மணிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கணவர் கேட்டார். நானாகத்தான் என்றேன். புதன்கிழமை மாலை பார்த்தபோது பாதிக்கு மேல் செடிகள் தலை நிமிர்ந்திருந்தன. பூ எல்லாம் கொட்டிவிட்டது, ஆனால் செடி பிழைத்துவிட்டது. என் கணவர் வரிசையின் நடுவே நின்று, "அவன் இருந்திருந்தாலும் இப்படித்தான் செஞ்சிருப்பான்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது இல்லை. தம்பியைச் சிறையில் வைக்கச் சொன்ன மனுஷன் உள்ளுக்குள் எப்படி நொந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்று வியாழக்கிழமை காலை, கயிறு சுற்றிக்கொண்டிருந்த அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கயிற்றுச் சுருளைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன, நாலு திட்டு திட்டியிருப்பேன். அவ்வளவுதானே?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். அந்த நாலு திட்டுக்குப் பயந்து ஒருத்தன் மூன்று நாளாகக் கம்பிக்குப் பின்னால் இருக்கிறான். அதன் பிறகு இருவரும் வண்டியில் ஏறி இங்கே வந்தோம். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். புகாரைத் திரும்பப் பெற எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டார். துண்டைக் கறையோடு அப்படியே கொண்டுவந்து மேசை மேல் வைத்திருக்கிறேன்.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். மூன்றாம் பக்கத்தில், காவலர்கள் விசாரித்தபோது துண்டு காயப்போட்டதை நான் மறந்துவிட்டதால் சொல்லவில்லை என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். எழுத்தர் நல்ல மனிதர். "இப்படி இருந்தா உங்களுக்கு நல்லதும்மா, பொய் சொன்னதா கேஸ் வராது" என்றார். ஆய்வாளரும் யோசித்துப் பார்க்கச் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். மறந்தவளுக்காக அவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஆகவே மூன்றாம் பக்கம் ஏழாவது வரியில் "மறந்துவிட்டதால்" என்ற சொல் என் விருப்பப்படி அடிக்கப்பட்டு, "தெரிந்தே" என்று எழுதப்பட்டது. அடித்த இடத்துக்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது படித்தால் எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

கையொப்பம்