முதலில் பாடப் போகிறவள்

இந்த மின்விசிறியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, யாராவது நாற்காலி போட்டு ஏறி முறுக்கினால் சத்தம் நின்றுவிடும். நீங்கள் என் எதிரே வந்து உட்கார்ந்தபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை. கேள்வி கேட்க வந்தவருக்கு வேலை வைப்பது மரியாதை இல்லை.

என் பிழைப்பே காதுதான், மேடம். மேடையில் பாடுகிறவர்கள் காதில் சின்னதாக ஒன்றை அடைத்துக்கொண்டிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய குரலே அதன் வழியாகத்தான் அவர்களுக்குக் கேட்கும். எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று மேடையோரத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து தீர்மானிக்கிறவள் நான். கூட்டத்துக்கு என்னைத் தெரியாது. பாடுகிறவருக்குத் தெரியும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் கையைப் பிடித்து நடப்பது மாதிரி அது. பிடித்த கையை நம்பித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பாடகர் சாருக்கு நான் வேலை பார்க்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. அவர் எந்தப் பாட்டில் மூச்சு வாங்குவார் என்று அவர் மனைவிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே இந்தச் சுற்றுப்பயணத்தில் அவருக்கு முன்னால் மேடையேறிப் பாடப் போவது யார் என்பதை என்னிடம் சொல்லாமல் மறைத்தது என்னை உறுத்தியது. போஸ்டரில் சாரின் முகத்துக்குக் கீழே அந்த இடம் காலியாக இருந்தது.

“அது சர்ப்ரைஸ்க்கா, விடுங்க” என்றார் மேனேஜர். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

ஒத்திகைக் கூடத்தில் டிரம்ஸ்காரர் சிரித்தார். “யாரா இருந்தா என்னக்கா? நாலு பாட்டு பாடிட்டு இறங்கப் போறாங்க. அந்த நேரத்துல ஜனங்க பாப்கார்னுக்கு வரிசையில நிக்கும். நீங்க ஏன் மாப்பிள்ளை யாருன்னு கேக்கற மாதிரி தவிக்கறீங்க?”

நான் தவிக்கவில்லை. யாருடைய காது என்று தெரிந்தால்தானே நான் வேலை செய்ய முடியும்.

வீட்டிலும் ஏதோ சரியில்லை. என் தங்கை, சின்னவள், முணுமுணுப்பதை நிறுத்தியிருந்தாள். பாத்திரம் கழுவும்போதும் படியேறும்போதும் ஏதாவது ஒரு மெட்டு அவள் உதட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பாடுகிறவள் வீட்டில் பாடாமல் இருந்தால் வேறெங்கோ பாடுகிறாள் என்று அர்த்தம். போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான். என் வீட்டில் எனக்கு எதிரே ஒரு கதவு சாத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு காலையில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். இந்த வயதிலும் நான்தான் பின்னிவிடுவேன். இடது காதுக்குப் பின்னால், முடியில், நீல நிறத்தில் ரப்பர் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

“என்னடி இது?”

“சூயிங் கம்க்கா.”

“சூயிங் கம்ம வாயில போட்டு மெல்லுவாங்க. நீ காதால மென்னியா?”

“தூங்கறப்ப ஒட்டியிருக்கும். இழுக்காத, வலிக்குது.”

அது சூயிங் கம் இல்லை. பாடகரின் காதில் சரியாகப் பொருந்துகிற மாதிரி கருவி செய்ய, முதலில் காதுக்குள் ஒரு பசையை ஊற்றி அச்சு எடுப்பார்கள். அந்தப் பசை. எத்தனையோ பேருக்கு நானே அதைத் துடைத்துவிட்டிருக்கிறேன். சடையைப் பின்னி முடித்தேன்.

பிறகு ஒத்திகைக் கூடத்துக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. புதிதாகச் செய்த காதுக்கருவிகள். ‘முதலில் பாடுபவருக்கு’ என்று மட்டும் மேலே ஒட்டியிருந்தார்கள். பெயரை மறைத்தவர்கள் காதை மறைக்க மறந்துவிட்டார்கள். இடது பக்கத்துக் கருவியை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தேன். பாதிவழியில் ஒரு வளைவு, சந்து சட்டென்று திரும்புவது மாதிரி. அந்த வளைவை எனக்குத் தெரியும். சின்னவளின் குழந்தைப் பருவம் முழுக்க அந்தக் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. மருந்து விட்டது நான். பஞ்சு வைத்தது நான். வளைவு இருப்பதால் மருந்து இறங்க நேரமாகும், தலையை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் காட்டிக்கொடுத்ததும் எனக்குத்தான்.

ஆக, யாரென்று தெரிந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“சாருக்கு முன்னாடி இந்தத் தடவை யார் பாடறாங்கன்னு உனக்கு ஏதாவது காதுல விழுந்துச்சா?”

“எனக்கெப்படிக்கா தெரியும்? நீதான அங்க வேலை பாக்கற.” தட்டைக் கழுவப் போட்டுவிட்டுப் போனாள். போகும்போது அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிந்தது.

முன்னால் பாடுகிறவர்களின் கதி உங்களுக்குத் தெரியாது, மேடம். பாதி விளக்குதான் போடுவார்கள். கூட்டம் இருக்கை தேடிக்கொண்டிருக்கும். பாட்டுக்கு நடுவே சாரின் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். இறங்கி வந்து திரைக்குப் பின்னால் அழுதவர்களுக்கு நான் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். சின்னவள் அப்படி அழுவதை என்னால் பார்க்க முடியாது. அவளை அதிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் பொறாமையா என்று கேட்டீர்கள். இல்லை. எனக்கும் ஒரு காலத்தில் அந்த இடம் கிடைத்தது. சார் அப்போது இளைஞர், நான் அவருக்கு முன்னால் பாடுவதாக இருந்தது. சாயம் போகாத பச்சைப் புடவை ஒன்று தேய்த்து மாட்டி வைத்திருந்தேன். அன்று பார்த்துச் சின்னவளுக்குக் காது வலி வந்து, காய்ச்சல் ஏறி, என் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். நான் போகவில்லை. அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

முதல் ஊர். பிற்பகல், அரங்கம் காலி, ஒலிச் சோதனைக்கு எல்லாம் தயார். சத்தம் ஓர் அளவைத் தாண்டிக் காதுக்குப் போகாமல் தடுப்பதற்கு லிமிட்டர் என்று ஒன்று உண்டு. வேலை தெரிந்த யாரும் அதில் விளையாட மாட்டார்கள். நான் அதை எடுத்துவிட்டிருந்தேன்.

அப்போது மேனேஜர் வந்து, “அக்கா, கொஞ்சம் கண்ண மூடுங்க” என்றார். மூடினேன். திறந்தபோது சின்னவள் எதிரே நின்றாள். டிரம்ஸ்காரர் கைதட்டினார். சார்கூட எழுந்து வந்திருந்தார்.

“உன்கிட்ட மறைக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயி உயிர் வந்துச்சுக்கா” என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டேன். என் காதுக்கு எங்கக்காதான்னு.”

கருவிகளை நானே அவள் காதில் பொருத்தினேன். இடது பக்கம் கொஞ்சம் திருகித்தான் உள்ளே போகும். அவள் மேடையேறிக் கட்டைவிரலைக் காட்டினாள். நானும் காட்டினேன். லிமிட்டரைத் திரும்பப் போட நேரம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. அவள் தண்ணீர் குடித்தாள், மைக்கின் உயரத்தைச் சரிசெய்தாள், சாரைப் பார்த்துக் கும்பிட்டாள். நிறைய நேரம் இருந்தது.

நன்றாகப் பாடினாள். பல்லவி முடிகிற இடத்தில் கண்ணை மூடினாள். அப்போது முழுச் சத்தத்தையும் அனுப்பினேன். ஒரு கணம்தான்.

அவள் விழவில்லை. கருவியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேராக என்னிடம்தான் ஓடி வந்தாள். “அக்கா, நிறுத்துக்கா, சத்தத்த நிறுத்து” என்றாள். நிறுத்தியாச்சும்மா என்றேன். காதுக்குள் அடித்த இரைச்சலில் அது அவளுக்குக் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னதை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். இடது காதில் கேட்கும் சக்தி இனித் திரும்பாது. வலது காது நன்றாக இருக்கிறது. அதை நான் தொடவில்லை என்பதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. ஏன் இடது மட்டும் என்று கேட்டீர்கள். மருந்து விட்டுப் பழகிய கை, அந்தப் பக்கமே போயிருக்கும்.

இப்போது நீங்கள் குரலைத் தணித்துக்கொண்டு சொல்கிறீர்கள். “உங்க தங்கச்சி வெளியதான் உக்காந்திருக்காங்க. புகார் வேணாங்கறாங்க. சோதனைக்காக எடுத்தேன், திரும்பப் போட மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்கக்கா வேணும்னு செய்யமாட்டான்னு அழறாங்க. மறந்துட்டேன்னு சொன்னா, இதோட முடிஞ்சிடும்.”

நல்ல பெண். எப்போதும் அப்படித்தான், என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் எந்தக் காதை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருப்பாள் என்று யோசிக்கிறேன்.

மன்னிக்க வேண்டும், மேடம். அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.