சிவப்பு லாரியின் ஞானத்தாய்

எனக்குப் பீர் பிடிக்காது, ஐயா. லாரி மேல் ஊற்றுவதற்கு மட்டும்தான் வாங்குவேன்.

வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன், குழப்பினால் நிறுத்துங்கள். என் பெயர் பெனித்தா. ஒருரோ நகர லாரி நிறுத்தத்தில் காலையில் ஊதாச் சோளக் கஞ்சி விற்கிறேன். மாலையில் டீசல் மெக்கானிக் வகுப்பு. கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

லாரி ஓட்டும் தோன் காசிமிரோ தினமும் என்னிடம்தான் கஞ்சி குடிப்பார். லாரிக்கு விலை பேசிவிட்டு வந்த அன்று, "பெனித்தா, வண்டிக்கு நீதான் ஞானத்தாய்" என்றார். பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் நிற்பதுபோல, கார்னிவல் திருவிழாச் செவ்வாயன்று ஞானத்தாய்தான் லாரிக்குக் காகித மாலை போட்டு, பூமித்தாய்க்கென்று மண்ணில் கொஞ்சம் விட்டு, என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் முதல் பீரை ஊற்றுவாள். அதன்பின் ஓட்டுநர் அவளைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார், 'கோமாத்ரே' என்பார். கூடப் பிறந்தவளுக்கும் ஒரு படி மேல். என்னை அப்படி அழைக்க யாரும் இருந்ததில்லை.

லாரி வந்தது; நல்ல சிவப்பு. செவ்வாயும் வந்தது. பீர் ஊற்றியவள் ஓர்தென்சியா, டயர்க் கடைக்காரி. நான் வாங்கிய மாலை என் மடியிலேயே இருந்தது.

"அவ ரெண்டு டயரு சும்மா குடுத்தா, பெனித்தா. நீயே சொல்லு, கஞ்சி ஊத்தினா வண்டி ஓடுமா?" என்று சிரித்தார் தோன் காசிமிரோ. நானும் சிரித்தேன். அவர் கேட்டது நியாயம்தான்.

மறுநாள் வகுப்பின் கழிவுப் பெட்டியிலிருந்து ஒரு பேரிங் குண்டை எடுத்து, லாரியின் முன்பக்க பம்பர்க் குழாய்க்குள் போட்டேன். கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது குழாய் நடுங்கும். குண்டு 'டிங்' என்னும். வேகமெடுத்தால் இரைச்சலில் அமுங்கிவிடும்.

மெக்கானிக் ஓல்கர் ஸ்குரூடிரைவர் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு என்ஜினை அங்குலம் அங்குலமாகத் தொட்டுக் கேட்டான்.

"வால்வா?" என்றார் தோன் காசிமிரோ.

"வால்வு இல்ல. ஒங்க கஞ்சத்தனம்தான் உள்ள கெடந்து தட்டுது."

"வாய மூடு. காதத் தொற."

வால்வைச் சரிசெய்தார்கள். டிங். இன்ஜெக்டரை மாற்றினார்கள். டிங். கடைசியில் பிஸ்டன் வரை அவிழ்த்துப் பூட்டினார்கள். டிங். தோன் காசிமிரோ கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. உதவலாம் என்று நினைத்தேன்.

"வண்டிக்கு நோவு இல்ல, மனக்குறை," என்றேன். "மொதல் பீரு ஊத்தின கை யாரோடது?"

அவர் குவளையைக் கீழே வைத்தார்.

அன்று மாலையே ஓர்தென்சியாவின் டயர்கள் அவள் கடை வாசலுக்கு உருண்டு போயின. "எங் கைக்கு என்னய்யா கொற? நேத்து வரைக்கும் இனிச்சுதே!" என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். இப்போது எந்த ஓட்டுநரும் அவளிடம் டயர் வாங்குவதில்லை. அந்தப் பேச்சை நான் பரப்பவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை மறுபடி சடங்கு, என் கையால். முந்தின நாள் கம்பி விட்டுக் குண்டை எடுத்துவிடப் போனேன். நான் கெட்டவள் இல்லை. ஆனால் குழாயின் இரண்டு முனைகளும் அடைபட்டிருந்தன. மேலே மாதா சுரூபம் வைத்து, முனைகளுக்கு மூடியும் போட்டு, ஓல்கர் வெல்டிங் செய்திருந்தான்.

"ஒனக்காகத்தான், ஞானத்தாயே. அழகா இல்ல?"

அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் பீர் ஊற்றினேன். என்ஜினை எழுப்பினார்கள். டிங். அதற்கு அடியில், ஆழத்தில், கனமாக இன்னொன்று: டொக். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் போல்ட் சரியாக இறுகாவிட்டால் அப்படித்தான் கேட்கும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அவிழ்த்துப் பூட்டியதில் ஓல்கர் எதையோ விட்டிருக்கிறான். முதலில் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். குனிந்து மறுபடி கேட்டேன். சந்தேகமே இல்லை.

"இன்னும் தட்டுதே, கோமாத்ரே?" என்றார் அவர்.

கோமாத்ரே. அத்தனை பேர் முன்னாலும்.

"அது தட்டல, பாடுது. தைரியமாப் போய்ட்டு வாங்க," என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

கினோவா தானிய மூட்டைகளோடு கிளம்பினார். கொச்சபம்பா போகும் மலை இறக்கத்தில் என்ஜின் உடைந்துபோக, வெறும் பிரேக்கால் அத்தனை பாரத்தைப் பிடிக்க முடியவில்லை. மற்றதை நீங்களே போய்ப் பார்த்திருக்கிறீர்கள்.

டிங் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். டொக் ஓல்கருடையது, அதை என் பேரில் எழுத வேண்டாம். இரண்டும் காதில் விழுந்ததா என்று கேட்கிறீர்கள். விழுந்தது. ஞானத்தாய் ஆன அன்றே பிள்ளையைக் குறை சொல்வார்களா?

நேற்று ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. "வா, கோமாத்ரே. நீ ஊத்தின பீருதான் என் உசுரக் காப்பாத்திச்சு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆள் வைத்து ஓட்ட வேறொரு லாரி பார்த்திருக்கிறாராம். அதற்கும் ஞானத்தாய் நான்தான்.

படுத்துக் கிடப்பவரிடம் இதையெல்லாம் சொல்லி நோகடிக்காதீர்கள், ஐயா. கையெழுத்து எங்கே போட வேண்டும்? கடை மூடுவதற்குள் பீர் வாங்கியாக வேண்டும்.