கல்யாணச் சுவரில் ஒரு படம்

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும் பேருந்தில், என் முன் இருக்கையில் பூக்கட்டும் பெண்கள் இருவர் இருந்தார்கள். இளையவளுக்கே ஐம்பது வயதிருக்கும்.

“நேத்து பூக்கட்டப் போன கல்யாணத்துல எங்க வீட்டுக்காரரப் பாத்தேன்க்கா,” என்றாள் அவள்.

“அவுக செத்து மூணு வருசமாச்சேடி!”

“எங்க கல்யாண போட்டோக்கா. வீடு காலி பண்ணையில பழைய சாமானோட கடைக்குப் போயிருச்சுல்ல, அதுதான். அந்தக் காலத்துக் கல்யாணம் மாதிரி ஜோடிக்கணும்னு மண்டப அலங்காரக்காரங்க அத வாங்கி சுவத்துல மாட்டியிருக்காங்க. புள்ளைக அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்குதுக.”

“கேட்டு வாங்க வேண்டியதுதான?”

“கேட்டேன். அடுத்த கல்யாணத்துக்கும் வேணும்னுட்டாக. அவுக மொகம் இருக்கறது அது ஒண்ணுதான்க்கா.”

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெறகு என்ன செஞ்ச?”

“அடுத்த கல்யாணத்துக்கும் பூக்கட்ட என்னையவே கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.”