கீழே நிற்கிற மூன்று பேர்

ஐந்து நட்சத்திரம் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள், சார். நான்குதான் சரி. ஒன்றைக் குறைத்துவிட்டு அதற்கு ஒரு அற்பக் காரணம் சொல்ல வேண்டும். 'பார்சல் வந்தபோது அட்டையின் முனை மடங்கியிருந்தது.' 'கணவருக்கு வாங்கினேன், நானே பிடுங்கிப் படித்துவிட்டேன், எழுத்து மட்டும் ரொம்பப் பொடி.' இப்படி. சியோலுக்குப் பக்கத்தில் பாஜுவில் இருக்கிற பதிப்பகத்தில் எனக்கு இதுதான் வேலை. இணையக் கடைகளில் வாசகர்கள் எழுதுகிற கருத்துகளைப் படிப்பேன். போதாத இடத்தில் வாசகராக நானே எழுதுவேன். முப்பத்தோரு பெயர் வைத்திருந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் வயது, ஊர், கோபப்படுகிற விதம் எல்லாம் தனித்தனி.

என் அப்பா சொக்சோவில் மீனுக்குக் குடல் எடுக்கிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நாலு வருடம் இலக்கியம் படித்துவிட்டு, அட்டையின் முனை மடங்கியிருந்தது என்று எழுதிக்கொண்டிருந்தேன். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

'பதினேழாவது பேரணி' நாவல் தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பு வந்தது. ஜனாதிபதி வேட்பாளர் ஒருவரின் பிரசாரக் கதை. அதில் செயலாளர் ஹான் என்று ஒருத்தி வருவாள். வேட்பாளர் தனியறையில் பேசியதை ரகசியமாகப் பதிவு செய்து எதிர்க்கட்சிக்குக் கொடுத்துவிடுவாள். வாசகர்களுக்கு அவள்மேல் அப்படி ஒரு வெறுப்பு. 'இவள் உயிரோடு இருந்தால் நேரில் போய்த் துப்புவேன்' என்று தேகுவில் இருந்து ஒரு பல் மருத்துவர் எழுதியிருந்தார். அது நிஜ வாசகர். நான் இல்லை.

அந்த நாவலின் எடிட்டர் யொம் மின்-ஆ. எனக்கு எட்டு வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு இடது காது கேட்காது, சின்னதாக ஒரு கருவி மாட்டியிருப்பாள். ஒருநாள் மதியம் உலர்மீன் சூப் கடையில் என்னைத் தன் வலது பக்கமாக உட்காரவைத்துக்கொண்டு சொன்னாள்.

"தா-ஹே, அந்த செயலாளர் ஹான் யாருன்னு தெரியுமா? நான்தாண்டி."

"அய்யோ. அப்ப அந்த ரெக்கார்டிங் நீங்கதான் குடுத்தீங்களா அக்கா?"

"நான் குடுக்கல. போன எலெக்ஷன்ல அந்த நிஜ வேட்பாளரோட கேம்ப்ல வேலை பாத்தேன், அவ்வளவுதான். தோத்துப் போனதும் பழி போட ஒரு தலை வேணும்ல? எழுதின மகராசனும் அங்க இருந்தவன்தான். என்னைத் திட்டுற பக்கத்துக்கெல்லாம் நானே கமா போட்டுக் குடுத்திருக்கேன், பாத்துக்க." சிரித்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாத. சூப் ஆறுது, குடி."

நான் சொல்லவில்லை. ஒரு மாதம் வரை சொல்லவில்லை.

அப்புறம் அந்த மீட்டிங். எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம். இரண்டு வருடம் தாண்டிவிட்டால் நிரந்தரம் செய்தாக வேண்டும் என்று சட்டம் இருப்பதால், தாண்டுவதற்கு முன்பே அனுப்பிவிடுவார்கள். எனக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது. டீம் லீடர் பே சார் முன்னால் அக்கா எழுந்து நின்றாள்.

"வாசகர் கருத்தை நாமளே எழுதிக்கறது அசிங்கம் சார். நிறுத்திடலாம்."

"நிறுத்திட்டா தா-ஹே என்ன பண்ணுவா? நமக்கெல்லாம் காபி போடுவாளா?" என்றார் பே சார். எல்லோரும் சிரித்தார்கள்.

"இதைவிடப் பெரிய வேலைக்குத் தகுதி இருக்கு சார் அவளுக்கு."

சியோலில் பிறந்து வளர்ந்தவர்கள் வாயில் இந்த வாக்கியத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெரிய வேலையை யாரும் எடுத்துவந்து நீட்டியதில்லை.

அன்று மாலை, இஞ்சியோனில் மளிகைக்கடை வைத்திருக்கிற ஐம்பது வயதுப் பெண்ணாக ஒரு கருத்து எழுதினேன். 'கதை விறுவிறுப்பு. முடிவு கொஞ்சம் அவசரம், அதனால் ஒரு நட்சத்திரம் குறைவு. செயலாளர் ஹான் கற்பனை என்று நினைக்கிறவர்களுக்கு: என் தங்கை அந்தப் பெண் இருந்த கட்டடத்தில் குடியிருந்தாள். இடது காது கேட்காது. இப்போது பாஜுவில் எடிட்டராம், அடுத்தவர் எழுதுவதைத் திருத்துகிறாளாம். காலம்தான் பதில் சொல்ல வேண்டும்.'

இதில் அவள் குற்றம் செய்தாள் என்று ஒரு வார்த்தை உண்டா? படித்துப் பாருங்கள். பெயர்கூட இல்லை. மறுநாள் மதியத்துக்குள் இரண்டாயிரத்து முந்நூறு பேர் 'உதவியாக இருந்தது' என்று அழுத்தியிருந்தார்கள். மூன்றாம் நாள் பெயர், போட்டோ, மங்வொன் பேட்டையில் அவள் வீட்டு முகவரி எல்லாம் வந்துவிட்டது. எங்கள் வாசகர்களின் உழைப்பை நான் எப்போதுமே மதித்திருக்கிறேன்.

அவள் வீட்டுச் சந்து முழுக்க ஆட்கள். போனைத் தூக்கிப் பிடித்து நேரலை ஓட்டுகிறவர்கள், முட்டை கொண்டுவந்தவர்கள். பே சார் அவளை ஆபீசுக்கு வர வேண்டாம் என்றார். அவளுடைய புரூஃப்களை நான்தான் வாங்கிக்கொண்டேன். தினமும் சாயந்திரம் கிம்பாப்போ கஞ்சியோ வாங்கிக்கொண்டு நாலு மாடி ஏறுவேன். அவள் போனில் வசவாக வந்து கொட்டியதால் அதை நானே அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பதிலுக்கு ஒரு பட்டன் போன் கொடுத்தேன். அதில் என் நம்பர் மட்டும் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் சந்தில் ஒருவரும் இல்லை. வேறொரு வேட்பாளரின் மகன் ஏதோ கேசில் மாட்டியிருந்தான், கூட்டம் அங்கே போய்விட்டது. குப்பை வண்டி ஒன்றுதான் நின்றது. நான் ஏறிப் போனேன். அவள் கதவை ஒரு சாண் திறந்து கேட்டாள்.

"இன்னும் நிக்கிறாங்களாடி?"

"நிறையப் பேர் போயிட்டாங்க அக்கா. மூணு பேர் இருக்காங்க."

ஏன் மூன்று என்றால், ஒருவர் என்றால் அவள் துணிந்துவிடுவாள். பத்து என்றால் போலீசைக் கூப்பிடுவாள். மூன்று பேரைப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் ஜன்னலில் இருந்து எதிர்ச்சுவர் மட்டும்தான் தெரியும், சந்து தெரியாது. அது அவளுடைய துரதிர்ஷ்டம்.

அந்த மூன்று பேரையும் நன்றாகத்தான் செய்தேன். நீலத் தொப்பிக்காரன். வறுத்த கஷ்கொட்டை தின்றுகொண்டே இருக்கிற தடியன். நேரலை ஓட்டுகிற குட்டை முடிக்காரி. அக்காவுக்கு அவர்கள் பழகிப் போனார்கள். "தொப்பிக்காரன் இன்னிக்கும் வந்தானா? மழையில நனைஞ்சு சாவான் பாவி" என்பாள். ஒருநாள் அந்தக் குட்டை முடிக்காரிக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா என்றுகூட யோசித்தோம். அன்று அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவின் புரூஃப்களைப் பார்த்துக் கொடுத்ததில், அதே வாரம் எனக்கு நிரந்தர வேலைக் கடிதம் வந்தது. காரியம் முடிந்ததே, அப்புறம் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். சியோலில் ஆறு வருடம் இருக்கிறேன். நான் மணி அடித்தால் ஓடிவந்து திறக்கிற கதவு அது ஒன்றுதான். "வந்துட்டியா, வந்துட்டியா" என்று இரண்டு தடவை சொல்வாள். அவளைப் போன்றவர்கள் என்னைப் போன்றவர்களுக்காகக் காத்திருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

வாக்குப்பதிவு அன்று மதியம் பட்டன் போனில் கூப்பிட்டாள்.

"தா-ஹே, நான் ஓட்டுப் போடப் போறேன்டி."

"இன்னிக்கு எதுக்குக்கா வம்பு?"

"நாப்பத்தோரு நாள் ஆச்சு. எவனோ எழுதின கதைக்காக என் ஓட்டையும் விட்டுடணுமா? ஸ்கூல் ரெண்டு தெரு தள்ளித்தானே. கீழ நிலவரம் எப்படின்னு பாத்துச் சொல்லு."

நான் அப்போது அவள் சந்தில்தான் நடந்து வந்துகொண்டிருந்தேன். எல்லோரையும்போல ஓட்டுப் போட்டுவிட்டு, வாக்குச்சீட்டில் குத்துகிற சிவப்பு முத்திரையைப் புறங்கையிலும் குத்திக்கொண்டு வந்திருந்தேன். சந்து வெறிச்சோடிக் கிடந்தது. ஏசிப் பெட்டிமேல் ஒரு பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"மூணு பேரும் உள்ள வந்துட்டாங்க அக்கா. படியிலயே உக்காந்திருக்காங்க. இன்னிக்கு வேணாம்."

"சரிடி" என்றாள்.

சரி என்றால் சரி என்று நினைத்தேன். முனைக் கடையில் கிம்பாப் வாங்கிக்கொண்டு திரும்பும்போது கட்டடத்துக்குப் பின்னால் சத்தம் கேட்டது. சமையலறை ஜன்னல் வழியாக காஸ் குழாயைப் பிடித்து இறங்கியிருக்கிறாள். மூன்றாவது மாடி வரை இறங்கிவிட்டாள், அங்கே பிடி நழுவிவிட்டது. நல்ல கோட்டைப் போட்டிருந்தாள். ஷூ கயிற்றை இரண்டு முடிச்சாகக் கட்டியிருந்தாள். அடையாள அட்டை சட்டைப் பையில் இருந்தது.

நீங்கள் அந்த வாசகர் கருத்தைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், சார். அதை நான்தான் எழுதினேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அது அவளைக் கொல்லவில்லை. இருபத்தொன்பது நாள் காலியாகக் கிடந்த படிக்கட்டில் மூன்று பேரை உட்காரவைத்தது நான். கீழே யாரும் இல்லை என்று சொல்லியிருந்தால் அவள் படியிலேயே இறங்கி வந்திருப்பாள். ஓட்டுப் போட்டிருப்பாள். வெயிலில் நடந்திருப்பாள். அப்புறம் எங்கு வேண்டுமானாலும் போயிருப்பாள். சொல்லுங்கள், மறுநாள் சாயந்திரம் நான் எந்தக் கதவில் போய் மணி அடிப்பது?