நாலு ஊர்ல ஒரு கிரிவலம்

...ஒரு 'ம்' கூட வரலக்கா! ராஜகோபுரத்துகிட்ட கற்பூரம் ஏத்திட்டுக் கெளம்புனேன், இதோ கிரிவலப் பாதையில எமலிங்கமே தாண்டியாச்சு, காதுல இயர்போன் சும்மா தொங்குது. அட, கூட நடக்கற உங்க பேச்சும் கேட்டுடுமோன்னு பயப்படாதீங்க, நான் மைக்க அமுக்கிட்டேன், அவங்களுக்குக் கேக்காது. அவங்க மொதல்ல பேசட்டும்னு கெளம்பும்போதே அமுக்கிட்டேன்.

யாருக்கா? என் டீமுக்குத்தான்! நான் ஒரு கம்பெனில மேனேஜரு. வேங்கிக்கால்ல வீட்லேருந்தே வேல. எனக்குக் கீழ மூணு பேரு, ஒருத்தர ஒருத்தர் நேர்ல பாத்ததே இல்ல. மீட்டிங்னா 'ஓகே மேடம்', முடிஞ்சா 'பை மேடம்'. நடுவுல கம்முனு இருப்பாங்க. மேல இருக்கறவங்க சொல்லிட்டாங்க, இந்த மாசத்துக்குள்ள இவங்க ஒட்டலன்னா டீமக் கலச்சி ஆளுக்கொரு பக்கம் அனுப்பிடுவாங்களாம்.

நான் என்னாதான் பண்ணல? ஆன்லைன்ல விருந்து வச்சேன், ராத்திரி எட்டு மணிக்கு. அவங்கவங்க வீட்ல எல போட்டு, கேமரா முன்னாடி உக்காந்து... அஜிதன்னு ஒரு புள்ள, வந்தவாசி, நயினார் வீடு, சமணங்க. பொழுது சாஞ்சா அவங்க சாப்பிடவே மாட்டாங்களாமே! காலி எலைய வச்சிக்கிட்டு கடைசி வரைக்கும் சிரிச்சிக்கினு உக்காந்திருக்கான். வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்கு 'இன்னும் ரெண்டு வட போட்டுக்கோ'ன்னு உபசாரம் வேற! மானம் போச்சு.

அப்புறம் பாட்டுக்குப் பாட்டு. பிரகாஷ் கீழ்பென்னாத்தூரு, மொட்டமாடி ஏறுனாதான் நெட்டு. அவன் பாட, தெரு நாயெல்லாம் கூட சேந்து பாட... ஆரணி சுருதி மறுநாளே தலவலின்னு லீவு போட்டுட்டா.

அதான், இன்னிக்கு பௌர்ணமியாச்சே, நான் மலைய சுத்தறேன், நீங்க அவங்கவங்க ஊர்ல நடங்க, கேமராவப் போட்டுக்கினு மனசு விட்டுப் பேசுவோம்னேன். எங்க! உத்தரவு கேட்டா அம்மன் சிலைகூட பூ குடுக்கும், இதுங்க வாயத் தொறக்காதுங்க.

ஆனா ஒண்ணுக்கா... இதுங்கள விட்டுக் குடுக்க மனசு வரல. எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்தப்ப என் வேலையெல்லாம் மூணு பேரும் பங்கு போட்டு முடிச்சிருக்காங்க. அதையும் சொல்லலக்கா, நானாதான் கண்டுபுடிச்சேன்! இதுங்க போய்ட்டா நான் யாரத் திட்டறது? பாருங்க, சொல்லும்போதே அழுகையா வருது.

இருங்க, போனு பையிலதான் இருக்கு, மூஞ்சியக் காட்டறேன். இதோ, இவன்தான் பிரகாஷ்... எதுக்கு இப்பிடி விழுந்து விழுந்து சிரிக்கிறான்? சுருதி வாயப் பொத்திக்கினு இருக்கா. அஜிதன் என்னா, கண்ணத் தொடைக்கிறான்? என்னாக்கா காட்டறீங்க... மைக்கா? மைக்கு ஆன்லயா... அய்யய்யோ! மைக்க அமுக்கறேன்னு சத்தத்த அமுக்கித் தொலைச்சிட்டேனா! அப்ப இவங்க இவ்ளோ நேரம் பேசிக்கினுதான் வந்தாங்களா? நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா? வட... நாயி... கடவுளே, அழுததும்?

அக்கா, எங்க ஓடறீங்க? நீங்களும் சிரிக்கிறீங்களே! இருங்க, சத்தத்த ஏத்தறேன்... டேய்! டேய், ஒவ்வொருத்தரா பேசுங்கடா, ஒண்ணுமே புரியல!