கழுத்துல மட்டும் சுருங்குன துணி

கடக் கடக் கடக்... டக்! கேட்டியா? தையல் ஊசி ஒடிஞ்ச சத்தம். நீ ஷட்டரத் தட்டுன தட்டுல ஒடிஞ்சிது. விடிஞ்சும் விடியாம இன்னா அன்பு, ஷேர் ஆட்டோ ஓட்டப் போவல? இன்னாது... காக்கிச் சட்ட காலர் பொத்தான நவுத்தணுமா? நவுத்த மாட்டேன். ஒக்காரு.

துணியக் கொற சொல்லாத. அந்த வேலய நான் எப்பவோ பாத்து முடிச்சிட்டேன். விழுப்புரம் போயி தீனதயாளன் ஜவுளிக்கடையில துணி எடுத்து, எனக்கு நானே சட்ட தச்சிக்கினேன். மூணே மாசம், காலர் புடிக்குது. பொத்தான நவுத்துனேன். திரும்பப் புடிக்குது. திரும்ப நவுத்துனேன். மூணாவது வாட்டி பஸ் ஏறிப் போயி, கட நெறைய ஆளு இருக்கச்சொல, "இன்னாய்யா துணி விக்கிற, கழுத்துல மட்டும் சுருங்குது"ன்னு கத்திட்டேன். அவரு பொறுமையா, "கோதண்டபாணி, அதே துணி இடுப்புல ஏன்யா தொளதொளன்னு தொங்குது?"ன்னாரு. பாரேன்... டெய்லரு நானு, கேக்குறது அவரு!

எம் பொண்டாட்டி ருக்கு, "கழுத்தோரம் கட்டி கீதுய்யா"ன்னு தலபாடா அடிச்சிக்கினா. வலிச்சாதான கட்டி? வலிக்கவே இல்லியே! சாயங்காலமானா காச்சலு. மழைன்னேன். தூங்குனா பாயி நனையிற வேர்வ. ராவெல்லாம் தச்சிட்டு பகல்ல தூங்குறவன், தகரக் கூரைன்னேன். எல்லாத்துக்கும் கையில ஒரு பதிலு வச்சிக்கினு இருந்தேன்.

கடைசில புதுச்சேரி ஆஸ்பத்திரில கட்டியில ஊசி குத்திப் பாத்தாங்க. தெளிவா தெரியல, கட்டிய முழுசா எடுத்து பாக்கணும்னாங்க. எனக்கு அது மட்டும் சட்டுனு புரிஞ்சிது. ஒரு நூல வச்சி இன்னா நெசவுன்னு சொல்ல முடியுமா? துண்டுத் துணியாச்சும் வேணுமில்ல! லிம்போமாவாம். நெணநீர்ல வர்ற கேன்சரு.

ஏன் எந்திரிக்கிற? ஒட்டாதுப்பா, ஒக்காரு! அதுல ஹாட்ஜ்கின்னு ஒரு வக, ஹாட்ஜ்கின் அல்லாததுன்னு ஒரு வக. பேருக்கு இன்னா பஞ்சம் பாரு, 'அல்லாதது'ன்னே ஒரு பேரு! அதுக்குள்ள இன்னும் எத்தினியோ வகையாம். எனக்கு மொத வக. ரெண்டாவது ஸ்டேஜு. மருந்துக்கு நல்லாக் கேக்கும்னாங்க டாக்டரம்மா. பதினஞ்சி நாளுக்கு ஒருக்கா நரம்புல மருந்து ஏத்துனாங்க. முடி போச்சி, வாயில வச்ச மல்லாட்ட கடல கூட கசந்துது. எல்லாம் முடிஞ்சிது. நாளைக்கி ஸ்கேனு.

சரி, உன் கழுத்தக் காட்டு. பதினாறு. நோட்டுல பதினஞ்சர. இடுப்பு...? அடப்பாவி, நாலு இஞ்ச் ஏறிக்கிது! இது கட்டி இல்ல ராசா, பரோட்டா. நவுத்தித் தர்றேன். பதிலுக்கு ஒரு வேல செய்யி.

இந்தா டேப்பு. என் கழுத்த நீ அள. நான் அளக்கக் கூடாது. அப்ப இன்னா பண்ணேன் தெரியுமா... மூச்சு முட்ற வரிக்கும் டேப்ப இறுக்கி, "அதே பழைய பதினஞ்சுதான்"னு நோட்டுல எழுதுனேன். ஊருக்கெல்லாம் ஒழுங்கா அளக்குற கையி. ஆறு மாசம். துணி மேல பழி.

ஸ்கேன்தான் சொல்லணும், தெரியும். ஆனா நாளைக்கி வரிக்கும் மனசு பொறுக்கணுமே.

லூசா புடி... இறுக்காத. எவ்ளோ?

பதினஞ்சா? இன்னொரு வாட்டி பாரு.

...

ம்.

பதினஞ்சேதான். காக்கி நூலு அந்த டப்பாவுல கீது, எடு. உஞ் சட்டையக் குடு.