ஈரச் சாலைச் சோதனை

அன்று அங்கே இருந்தவர்கள்: ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த நான், பெயர் இளஞ்செழியன். என் இடப்பக்கத்து இருக்கையில், ஷோரூமில் கார் விற்கும் அஃப்சல். சற்றுத் தள்ளி, தார்ப்பாய்க்கு அடியில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த தனக்கொடி என்ற அம்மாள். சாலையின் இடது ஓரத்தில், டிரைவர் இல்லாமல் நின்றிருந்த ஒரு ஐஸ் லாரி. லாரியை ஆட்களோடு சேர்த்துச் சொல்வது முறையில்லைதான். ஆனால் அது அங்கே இல்லாமல் இருந்தால் எதுவும் நடந்திருக்காது.

கார்களை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக ஒரு தப்புச் செய்வார்கள். ஒரு வண்டியைக் காய்ந்த சாலையிலும் இன்னொன்றை மழையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டாவது சரியில்லை என்பார்கள். எல்லா வண்டிக்கும் ஒரே சாலை வேண்டும். எல்லா வண்டிக்கும் ஒரே டிரைவர் வேண்டும். பக்கத்தில் உட்காருகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் நல்லது. நான் கேட்டது அவ்வளவுதான்.

நான் எஞ்சினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவன். சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் நிரந்தர நைட் ஷிஃப்ட். ஊர் விழித்திருக்கும்போது நான் தூங்குவேன். முதலில் கல்யாணப் பத்திரிகைகள் வருவது நின்றது, பிறகு போன் நின்றது. உழவர்கரையில் என் மாடி அறைக்குக் கீழே குடியிருப்பவர்கள் என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள், பெயர் தெரியாது. டீக்கடையில் ‘சர்க்கரை கம்மி’ என்று சொல்வதைத் தவிர வேறு பேச்சில்லாமல் வாரங்கள் போயிருக்கின்றன. குறையாகச் சொல்லவில்லை. நிலவரம் அப்படி.

மிஷின் ஓடும் நேரத்தில் போனில் கார் வீடியோ பார்ப்பேன். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குள் நுழைந்தேன். அஃப்சல் எழுந்து வந்து கை கொடுத்தான். அவன் கை சூடாக இருந்தது. எனக்கு யாரும் கை கொடுத்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

“யாருக்கு சார் வண்டி?”

“எங்க பெரியப்பாவுக்கு. பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவரு. பென்ஷன் அங்கேருந்து வருது.”

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் பிரெஞ்சு பென்ஷன் என்ற ஒரு வார்த்தைக்கு எந்தக் கடையிலும் நாற்காலி கிடைக்கும். எனக்கு அப்படி ஒரு பெரியப்பா இல்லை.

மூன்று வண்டிகளை எடுத்துக்கொண்டோம். முதலாவது சாம்பல் நிற டர்போ பெட்ரோல். மிதித்தால் முதுகை இருக்கையோடு ஒட்டவைக்கும். ஆனால் ஊருக்குள் பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். இரண்டாவது வெள்ளை ஹைப்ரிட். பேட்டரியும் பெட்ரோலும் மாறி மாறி இழுக்கும், மைலேஜில் அதை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் முந்திப் போகும்போது இரண்டு தடவை யோசிக்க வைக்கும். மூன்றாவது பச்சை ஃபோர் வீல் டிரைவ். எஞ்சின் பலம் நான்கு சக்கரத்துக்கும் போவதால் எந்த மழைக்கும் அசையாது. மடக்கும் பின்சீட், பெரிய டிக்கி, உயரமான அடிப்பாகம். மூன்றுக்கும் மூன்று குணங்கள், ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. நேர்மையாக ஒப்பிட்டால் முடிவுக்கு வரவே முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிறுதோறும் போனேன். ஒரு வாரம் வேகம், ஒரு வாரம் மைலேஜ், ஒரு வாரம் டிக்கியில் எத்தனை பெட்டி போகும் என்று. அஃப்சல் சலிக்கவில்லை. ஓட்டும்போது தன் கதை சொல்வான். அம்மா ரமீஜா, அத்தா இல்லை, தங்கை இஃப்ஃபத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பது. ஷோரூம் வாசலைத் தாண்டியதும் ‘சார்’ போய் ‘அண்ணே’ வந்துவிடும்.

“ஏண்ணே, உங்க பெரியப்பா வண்டி வாங்குறதுக்குள்ள எனக்கு நரை வந்துடும் போலருக்கே.”

“வந்தா டை அடிச்சிக்க. வண்டி விஷயத்துல அவசரப்படக் கூடாது.”

“அவசரமா. நீங்களா. கடல் வத்தட்டும்னு காத்திருந்து மீன் பிடிக்கிற ஆளுண்ணே நீங்க.”

சிரித்தோம். வாரம் முழுக்க அதை நினைத்துக்கொண்டு மிஷின் முன்னால் நின்றேன்.

ஈரச் சாலை என் யோசனை. தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போகும் சாலையில் மீன் லாரிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். மீன் கொழுப்பும் சேர்ந்து தார் மேல் ஒரு வழவழப்பு படிந்திருக்கும், சித்திரை வெயிலிலும் போகாது. எந்த வீடியோக்காரனுக்கும் இப்படி ஒரு சோதனைக் களம் இல்லை. மூன்று வண்டிகளையும் அங்கே கொண்டுபோய் பிரேக் போட்டுப் பார்த்தோம். அஃப்சல் மூக்கைப் பொத்திக்கொண்டு, “வண்டி நிக்குதோ இல்லியோ, நாத்தம் நிக்க மாட்டேங்குதுண்ணே” என்பான்.

அங்கே போகும்போதுதான் அந்தக் கிளிப்பைக் கவனித்தேன். டெஸ்ட் டிரைவ் வண்டிகளில் பக்கத்து இருக்கையில் உட்காருகிற விற்பனையாளர்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை ஏறி இறங்குகிறவர்கள். ஒவ்வொரு முறையும் பெல்ட் மாட்டுவது தொல்லை, மாட்டாவிட்டால் வண்டி கத்தும். அதனால் பெல்ட் மாட்டும் துளையில் ஒரு வெறும் உலோகக் கிளிப்பைச் செருகி வைத்துவிடுவார்கள். பெல்ட் போட்டாயிற்று என்று வண்டி ஏமாந்துவிடும். வாடிக்கையாளரிடம் பாதுகாப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவனின் நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்றும் இருக்காது. எடுத்துவிடு என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு. பச்சை வண்டியில் கிளம்பினோம். மரப்பாலம் தாண்டியதும் அஃப்சல் சொன்னான்.

“அடுத்த வாரத்துலேருந்து நான் இருக்க மாட்டேண்ணே. டீம் லீடர் ஆக்கிட்டாங்க. சென்னை பிராஞ்ச். விக்ரம்னு ஒரு பையன் உங்களப் பாத்துப்பான்.”

“ஒப்பீடு இன்னும் முடியல.”

அவன் என் தோளைத் தட்டினான். “விடுங்கண்ணே. பெரியப்பாவும் கெடையாது, பென்ஷனும் கெடையாது. எனக்கு மொத மாசமே தெரியும். மாசாமாசம் இத்தன டெஸ்ட் டிரைவ் காட்டணும்னு எங்களுக்கு டார்கெட்டு. நீங்க வந்தா எனக்கு ஒண்ணு ஏறும். உங்களுக்கும் பொழுது போச்சு. யாருக்கும் நஷ்டமில்ல.”

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். நான் அவமானப்பட்டேன், ஆத்திரப்பட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி எதுவும் இல்லை. அவன் சென்னைக்குப் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று மட்டும் யோசித்தேன். சாலையில் கவனம் வைத்தேன்.

வண்டி வழுக்கினால் தானாகப் பிடித்து நேராக்கும் வசதி எல்லா நல்ல காரிலும் உண்டு. அதை அணைக்க ஒரு பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். தெரியாமல் கை பட்டு அணைந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நான் அழுத்திப் பிடித்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தது.

அஃப்சல் விளக்கைப் பார்த்தான். பிறகு என் விரலைப் பார்த்தான்.

“அத ஏண்ணே அணைக்கிறீங்க?”

ஐஸ் லாரி இடப்பக்கம் நின்றது. நான் வேகத்தைக் கூட்டி, ஸ்டீயரிங்கை வெட்டி ஒடித்து, பிரேக்கை மிதித்தேன். வழுக்கும்போது எந்தப் பக்கம் போகும் என்பது ஓட்டுகிறவனின் கையில் கொஞ்சம் இருக்கிறது. வண்டியின் இடது பாதியை லாரியின் பின்மூலைக்குக் கொடுத்தேன். என் பெல்ட் என்னைப் பிடித்துக்கொண்டது. தனக்கொடி அம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, “ஐயோ, புள்ள கழுத்து தொங்குதே” என்று கத்தியது நினைவிருக்கிறது. அவனைக் கொல்ல வேண்டும் என்று எனக்கு எண்ணமில்லை. போகாமல் இருக்க வேண்டும் என்றுதான்.

மழை, மீன் தண்ணீர், வழுக்கல் என்று விசாரணையில் முடிவானது. கிளிப்பைப் பார்த்ததும் எல்லோரும் அவன் மேலேயே பழியைப் போட்டார்கள். பெல்ட் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

கழுத்துக்குக் கீழே அவனுக்கு அசைவு இல்லை. மூச்சுக்காகத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள், அதனால் குரலும் இல்லை. இஃப்ஃபத்துக்குப் பார்த்திருந்த இடம் தள்ளிப்போனது. நான் வேலையை விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குத் தினமும் போக ஆரம்பித்தேன். புரட்டிப் படுக்க வைப்பேன், சவரம் செய்வேன், கஞ்சி கொடுப்பேன். மத்தியானத்தில் புது வண்டிகளின் விமர்சனங்களைப் படித்துக்காட்டுவேன். அவன் கண்ணில் தண்ணீர் வரும். என் வாழ்க்கையில் நன்றாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால் இவற்றைத்தான் சொல்வேன்.

“பெத்த புள்ள கூட இப்பிடிப் பாக்காது தம்பி” என்பார் ரமீஜாம்மா. “உங்களப் பாத்தாலே அவனுக்கு அழுவ வந்துடுது. அவ்ளோ பாசம். அல்லாதான் உங்கள அனுப்பியிருக்கான்.”

அவனுக்குச் சிகிச்சை கொடுக்க வரும் நிர்மலா போன வாரம் ஒரு சின்ன மூடி கொண்டுவந்தார். குழாயை அதனால் அடைத்தால் காற்று மேலே போய்க் குரல் எழும்பும். பேச்சு வரும்வரை பகலில் கொஞ்ச நேரம் பழக்க வேண்டும், கழற்றிவிட்டால் வலி ஒன்றும் இல்லை, சத்தம் மட்டும் நின்றுவிடும் என்று எல்லோருக்கும் விளக்கினார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

இன்று காலை நான் போனபோது மூடி போட்டிருந்தது. ரமீஜாம்மா புதுப் புடவையில் இருந்தார். இஃப்ஃபத்தைப் பெண் பார்த்த வீட்டார் மறுபடி பேசக் கூப்பிட்டிருந்தார்களாம். கடலூர் வரை போகவேண்டும். மகள் ஆட்டோவில் காத்திருந்தாள்.

“விடிஞ்சதுலேருந்து பேச ஆரம்பிச்சிட்டான் தம்பி. உங்க பேரத்தான் மொதல்ல சொல்றான். அப்பறம் என்னமோ சொல்ல வரான், மூச்சு வாங்குது, கண்ண உருட்றான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. சாயந்தரம் வந்து நிதானமா கேக்கறேண்டான்னேன். நீங்க கேட்டு வைங்க.”

“கேக்கறேம்மா. நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க.”

கட்டிலிலிருந்து அஃப்சல், “அம்மா” என்றான். மெலிந்த குரல், ஆனால் தெளிவாகத்தான் இருந்தது. “போவாத.”

“பாருங்க, சின்னப் புள்ள மாதிரி” என்று சொல்லி அவன் நெற்றியைத் தடவினார். “அண்ணன் கூட இருக்காருல்ல. அப்பறம் என்ன பயம்.”

அவன் சொல்ல வருவது எனக்கு மட்டும்தான் புரியும். எங்களுக்குள் நடந்த விஷயம் அது, அம்மாவைப் போட்டுக் குழப்ப அவசியமில்லை. நண்பர்கள் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நான் பேசினால் போதும், அவனுக்கு அந்த மூடி தேவைப்படாது. இவ்வளவு சின்னப் பொருள் எங்கேயாவது உருண்டு போய்விடுவது சகஜம், இன்னொன்று வந்தால் அதுவும் அப்படித்தான்.

ரமீஜாம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். பிறகு கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டு, சாவியையும் திருப்பினேன்.